நாலு பக்கமும் அளந்தாச்சு, பரப்பு ஏன் மூணு விதமா வருது?

கேள்வியைச் சுருக்கமா திருப்பிச் சொல்லிடறேன். நாலு மூலை உள்ள ஒரு இடம், மூணு பக்கம் நேரா இருக்கு, நாலாவது பக்கம் வெளிப்பக்கமா வளைஞ்சு போகுது. நாலு பக்கத்தையும் டேப் வச்சு அளந்தாச்சு. எதிரெதிர் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குன்னு ஒருத்தர் சொல்றார், ரெண்டு முக்கோணமா வெட்டிப் போடுன்னு இன்னொருத்தர் சொல்றார், மொபைல் ஆப் மூணாவதா ஒரு எண்ணைக் காட்டுது. மூணுல எது சரின்னு கேட்டிருக்கீங்க. மேலோட்டமா பார்த்தா எந்த ஃபார்முலா சரின்னு கேக்கற மாதிரி இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேக்கணும்: நீங்க அளந்து வச்சிருக்கற நாலு எண், அந்த இடத்தோட பரப்பைச் சொல்லப் போதுமா? போதாது. அது தெரிஞ்சுட்டா மூணு விடை ஏன் வந்துச்சுன்னும் தெரிஞ்சுடும். நான் இருபது வருஷத்துக்கு மேல சர்வே வேலை பார்த்துட்டு இப்போ அதையே பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நாலு நீளமான பலகைப் பட்டையை எடுத்து மூலைக்கு ஒரு ஆணி மட்டும் அடிச்சு ஒரு சட்டம் பண்ணுங்க. கையில தூக்கினீங்கன்னா அது நிக்காது, இப்படியும் அப்படியும் சாயும். நாலு பட்டையோட நீளமும் ஒரு நூல் கூட மாறல, ஆனா உள்ள இருக்கற பரப்பு மாறிக்கிட்டே போகும், ஒரேயடியா சாய்ச்சீங்கன்னா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லாமலே ஆயிடும். இப்போ மூலைக்கு மூலை குறுக்கே ஒரு பட்டை அடிங்க, அவ்வளவுதான், சட்டம் அசையாது. தச்சர் கதவுச் சட்டத்துக்குக் குறுக்குக் கட்டை போடறதும் இதுக்குத்தான். மூணு பக்கம் உள்ள முக்கோணம் மட்டும்தான் பக்க நீளத்தை வச்சே கெட்டியா நிக்கற வடிவம். கோணல் வடிவத்தை முக்கோணமா பிரிக்கச் சொல்றது ஏன்னா முக்கோணத்துக்கு ஃபார்முலா சுலபம்ங்கறதுக்காக மட்டும் இல்ல, பிரிக்கறப்ப நீங்க அளக்கற அந்தக் குறுக்குக்கோடுதான் வடிவத்தையே முடிவு பண்ணுது. நாலு மூலைக்கு ஒரு குறுக்குக்கோடு, அஞ்சு மூலைக்கு ரெண்டு, ஆறுக்கு மூணு, இப்படியே மூலை எண்ணிக்கையில மூணைக் கழிச்சா எத்தனை குறுக்கு அளக்கணும்னு வந்துடும்.

உங்க அளவுகளை நீங்க போடல, அதனால நான் ஒரு எண் எடுத்துக்கறேன், கூடவே நீங்களும் போட்டுப் பாருங்க. மூலைகளுக்கு வரிசையா ஏ, பி, சி, டின்னு பேர் வைங்க. ஏ-பி 20 மீட்டர், பி-சி 15, சி-டி 24, டி-ஏ 7. வளைவை இப்போதைக்கு மறந்துடுங்க, சி-டி நேர்கோடுன்னே வச்சுக்குவோம். குறுக்குக்கோடு ஏ-சி 25 மீட்டர் வந்துச்சுன்னா ரெண்டு முக்கோணமும் செங்கோண முக்கோணம், ஒண்ணு 150, இன்னொண்ணு 84, மொத்தம் 234 சதுர மீட்டர். அதே நாலு பக்கம்தான், ஆனா ஏ-சி 20 தான் வருதுன்னா? முதல் முக்கோணம் சுமார் 139, ரெண்டாவது சுமார் 62, மொத்தம் 201 சதுர மீட்டர் சொச்சம். பக்கத்துல ஒரு சென்டிமீட்டர் கூட மாத்தல, 33 சதுர மீட்டர் காணாமப் போயிடுச்சு, ஒரு நல்ல பெரிய ரூம் அளவு.

இப்போ அந்தச் சராசரி முறையைப் போட்டுப் பாருங்க. 20ஐயும் 24ஐயும் கூட்டிப் பாதி 22, 15ஐயும் 7ஐயும் கூட்டிப் பாதி 11, பெருக்கினா 242. இதுல வேடிக்கை என்னன்னா, 242 தப்புன்னு சொல்ல இடத்தைப் போய்ப் பார்க்கவே வேண்டாம். இந்த நாலு பக்கத்தை வச்சு எப்படிச் சாய்ச்சாலும் 234க்கு மேல போகவே முடியாது. நாலு பக்கம் குடுத்தா அதிகபட்ச பரப்பு எப்போ வரும்னா, நாலு மூலையும் ஒரே வட்டத்து மேல விழும்போதுதான், அந்த வடிவத்துக்கான சூத்திரம் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628ல எழுதின நூல்லயே இருக்கு. நாலு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்க, 33. அதுல ஒவ்வொரு பக்கமா கழிங்க, 13, 18, 9, 26. நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 234. (13ஐயும் 18ஐயும் பெருக்கினாலும் 234, 9ஐயும் 26ஐயும் பெருக்கினாலும் 234, அதனால மனசுலயே வந்துடும்.) ஆனா தயவுசெஞ்சு இந்தச் சூத்திரத்தை எல்லா நாலு பக்க இடத்துக்கும் போட்டுடாதீங்க, நெட்ல நிறைய பேர் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. அது உச்சவரம்பு, உங்க இடம் அதுக்குச் சமமா இருக்கலாம், குறைவா இருக்கலாம், அதிகமா மட்டும் இருக்காது.

சராசரி முறை எப்பவுமே கூடுதலாத்தான் காட்டும், செவ்வகமா இருந்தா மட்டும் சரியா வரும். காரணம் சின்னதுதான். ஒரு முக்கோணத்துல ரெண்டு பக்கத்தைப் பெருக்கிப் பாதியாக்கினா வர்ற எண்ணை அதோட பரப்பு தாண்டவே தாண்டாது, நடுவுல செங்கோணம் இருந்தாதான் சமமாகும். நாலு பக்க வடிவத்தை ஒரு குறுக்குல வெட்டி ஒரு தடவை, இன்னொரு குறுக்குல வெட்டி ஒரு தடவை இப்படி எழுதி, ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்க, அந்தச் சராசரிச் சூத்திரமே மேல்வரம்பா வந்து நிக்கும். இந்த முறை இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. எகிப்துல எட்ஃபூ கோயில்ல நிலக்கொடை எழுதி வச்ச கல்வெட்டுல இதே கணக்குத்தான் போட்டிருக்காங்க. மூலையெல்லாம் கிட்டத்தட்ட செங்கோணமா இருக்கற இடத்துக்குத் தோராயமா ஓடும், அதனாலதான் இவ்வளவு காலம் தாக்குப்பிடிச்சிருக்கு. உங்க இடம் ஒரு பக்கம் அகலமா மறுபக்கம் குறுகலா இருந்தா அதை நம்பாதீங்க. 1150ல எழுதின லீலாவதிங்கற கணக்கு நூல்ல பாஸ்கரர் இந்த விஷயத்துக்குக் கோபப்பட்டே பேசறார். குறுக்குக்கோடோ செங்குத்தோ சொல்லாம நாலு பக்க வடிவத்தோட பரப்பைக் கேக்கறவன் ஒரு பிசாசு, அதுக்குப் பதில் சொல்றவன் அதை விடப் பெரிய பிசாசுங்கற மாதிரி. உங்களைச் சொல்லல, கோவிச்சுக்காதீங்க. ஆனா குறுக்குக்கோடு இல்லாம பதில் சொல்லி அந்த ரெண்டாவது பிசாசா ஆக எனக்கும் இஷ்டம் இல்ல.

சரி, குறுக்கு அளந்தாச்சு, அப்புறம் எப்படிக் கணக்குப் போடறது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஹெரான் சூத்திரம், மூணு பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி, அதுல ஒவ்வொரு பக்கத்தையும் கழிச்சு, அந்தப் பாதியையும் சேர்த்து நாலையும் பெருக்கி வர்க்கமூலம். கால்குலேட்டர் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. இன்னொண்ணுதான் எனக்குப் பிடிச்சது, குறுக்குக்கோட்டுக்கு மத்த ரெண்டு மூலையில இருந்தும் செங்குத்துத் தூரம் அளந்து, ரெண்டையும் கூட்டி, குறுக்கு நீளத்தால பெருக்கிப் பாதியாக்கறது. நம்ம உதாரணத்துல பி மூலையில இருந்து ஏ-சி கோட்டுக்கு 12 மீட்டர், டி மூலையில இருந்து 6.72 மீட்டர், கூட்டினா 18.72, அதை 25ஆல பெருக்கிப் பாதியாக்கினா 234, அதே விடை. செங்குத்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. ஏ-சிக்கு நடுவுல ஒரு கயிறை இழுத்துக் கட்டுங்க. டேப்போட பூஜ்ய முனையை ஒருத்தர் பி மூலையில பிடிச்சுக்கணும், நீங்க டேப்பை இறுக்கிப் பிடிச்சுக் கயிறு மேல மெதுவா ஊசலாட்டுங்க. 12.40, 12.15, 12.03, 12.00, 12.02, 12.10ன்னு எண் குறைஞ்சு குறைஞ்சு வந்து மறுபடி ஏறும். எங்க குறைச்சலா இருக்கோ அதுதான் செங்குத்து. செங்கோணம் பிடிக்கற கிராஸ் ஸ்டாஃப் கருவியும் வேண்டாம், 3-4-5 அளவுல முடிச்சுப் போட்ட கயிறும் வேண்டாம். அந்தச் சரியான புள்ளி ஒரு சாண் இப்படி அப்படி தள்ளிப் போனாலும் நீளத்துல பெரிசா தெரியாது, அதுதான் இந்த முறையோட அழகே.

முக்கோணமா பிரிக்கச் சொன்னா எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஒரே மூலையில இருந்து விசிறி மாதிரி கோடு இழுத்துடுவாங்க. நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படித்தான் பண்ணேன், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீளமா ஒல்லியா ஒரு முக்கோணம் வந்துடுச்சு, நான் அளந்து போட்டதும் சீனியர் அளந்து போட்டதும் ஒத்துவரல, ரெண்டு பேரும் டேப்பைச் சரியாத்தான் பிடிச்சோம்னு சத்தியம் பண்றோம். அன்னிக்கு வந்த எண் ஞாபகம் இல்ல, அதே ஜாதியில ஒண்ணு சொல்றேன். பக்கங்கள் 20, 20.5, 40 மீட்டர். ஹெரான்ல போட்டா 63.4 சதுர மீட்டர். அந்த 40 மீட்டர்ல டேப் லேசா தொய்ஞ்சு 40.1னு படிச்சுட்டீங்கன்னு வைங்க, வெறும் 10 சென்டிமீட்டர்தான், பரப்பு 56.9க்கு இறங்கிடும். பத்துல ஒரு பங்கு போச்சு. மூணு பக்கமும் 20 இருக்கற கொழுத்த முக்கோணத்துல ஒரு பக்கத்துல அதே 10 சென்டிமீட்டர் தப்பு பண்ணா 173.2 இருந்த இடத்துல 173.8 வரும், ஒண்ணுமே இல்ல. அதனால வெட்டும்போது மூணு பக்கமும் ஓரளவு ஒத்துப்போற மாதிரி முக்கோணமா வெட்டுங்க. ஒல்லி முக்கோணத்தைத் தவிர்க்கவே முடியலன்னா ஹெரானை விட்டுட்டு அதோட உயரத்தை நேரா அளந்துடுங்க. மேல சொன்ன ஒல்லி முக்கோணத்தோட உயரம் 3.17 மீட்டர், அதுல 5 சென்டிமீட்டர் தப்பா படிச்சாலும் பரப்புல ஒரு சதுர மீட்டர்தான் போகும்.

அடுத்து, நிறைய பேர் விட்டுடற ஒண்ணு, செக் லைன். கணக்குக்குத் தேவையே இல்லாத இன்னொரு குறுக்கு, நம்ம உதாரணத்துல பி-டி. ஏ-சி அளந்ததுமே வடிவம் முடிவாயிடுச்சு, அப்புறம் பி-டி எதுக்கு? நீங்க பண்ண தப்பைக் காட்டிக்குடுக்க. மத்த அஞ்சு அளவும் சரியா இருந்தா பி-டி 23.4 மீட்டர்தான் வரணும், அதைக் காகிதத்துல அளவுக்கு வரைஞ்சும் பார்த்துக்கலாம், கணக்காவும் போட்டுக்கலாம். இடத்துல போய் டேப் வச்சா 23.4 கிட்ட வந்துச்சுன்னா நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். 23.9 வந்துச்சுன்னா எங்கயோ ஒரு எண் தப்பு, பெரும்பாலும் இலக்கத்தை இடம் மாத்தி எழுதினது, இல்ல டேப்ல மீட்டர் கோட்டை மாத்திப் படிச்சது. முக்கோணத்துல இந்தத் தொல்லை என்னன்னா, எந்த மூணு எண்ணைக் குடுத்தாலும் (ரெண்டு பக்கக் கூட்டல் மூணாவதை விடப் பெரிசா இருக்கற வரைக்கும்) ஒரு முக்கோணம் வந்துடும், தப்பு உள்ள ஒளிஞ்சுக்கும், முகத்துல தெரியவே தெரியாது. பசங்ககிட்ட நான் திரும்பத் திரும்பச் சொல்றது, ரெண்டு விதமா வெட்டிப் போட்டு ரெண்டும் ஒத்துவந்தாதான் விடைன்னு பேர், அது வரைக்கும் அது சும்மா ஒரு எண்.

இப்போ உங்க வளைவுப் பக்கம். வளைவோட டேப்பைப் படுக்க வச்சு அளந்த நீளம் பரப்புக்கு எந்த உபயோகமும் இல்ல, அதைத் தூரப் போட்டுடுங்க. வளைவோட ரெண்டு முனையையும் இணைச்சு நேரா ஒரு கயிறு கட்டுங்க, அதுதான் பேஸ் லைன், நம்ம உதாரணத்துல 24 மீட்டர். உள்ளுக்குள்ள இருக்கற நாலு பக்க வடிவத்துக்கு இந்த 24தான் நாலாவது பக்கம். கயிறுக்கும் வளைவுக்கும் நடுவுல இருக்கற பிறை மாதிரி துண்டைத் தனியா போட்டுக் கடைசியில சேர்த்துக்கணும். கயிறுல 4 மீட்டருக்கு ஒரு முடிச்சு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு முடிச்சுல இருந்தும் செங்குத்தா வளைவு வரைக்கும் அளங்க, இதுக்கு ஆஃப்செட்னு பேர். 0, 1.1, 1.9, 2.3, 2.0, 1.2, 0ன்னு வந்துச்சுன்னு வைங்க. இங்கதான் எல்லாரும் சறுக்கற இடம்: ஏழு எண்ணையும் கூட்டி ஏழால வகுத்து 24ஆல பெருக்கிடுவாங்க, 29.1 வரும். தப்பு. அடுத்தடுத்த ரெண்டு ஆஃப்செட்டுக்கு நடுவுல இருக்கற துண்டை ஒரு பட்டைன்னு வைங்க, முனையில இருக்கற ரெண்டு எண்ணும் பாதிப் பட்டைக்குத்தான் பொறுப்பு, நடுவுல இருக்கறதெல்லாம் முழுப் பட்டைக்குப் பொறுப்பு, அதனால முனை ரெண்டையும் பாதியாக்கி, மீதியை அப்படியே கூட்டி, இடைவெளியால பெருக்கணும். முனை ரெண்டும் பூஜ்யம், மீதி 8.5, நாலால பெருக்கினா 34 சதுர மீட்டர். தப்பா போட்டா அஞ்சு சதுர மீட்டர் விழுந்துடுது பாருங்க.

இந்த முறையில ஒவ்வொரு பட்டையோட மேல் ஓரத்தையும் நேர்கோடுன்னு எடுத்துக்கறோம், வளைவு வெளிப்பக்கம் புடைச்சிருந்தா அந்தப் புடைப்புல சின்னச் சின்னச் சீவல் விட்டுப்போகும், அதனால 34 கொஞ்சம் குறைச்சல்னு நிச்சயமா சொல்லலாம். அதைச் சரிக்கட்டத்தான் சிம்ப்சன் முறை: முனைகள் ஒரு மடங்கு, ரெண்டாவது, நாலாவது, ஆறாவது ஆஃப்செட் நாலு மடங்கு, மூணாவதும் அஞ்சாவதும் ரெண்டு மடங்கு, எல்லாம் கூட்டி இடைவெளியால பெருக்கி மூணால வகுக்கணும். நம்ம எண்ணுக்கு 34.9 வருது. பட்டைகளோட எண்ணிக்கை இரட்டைப்படையா இருந்தாதான் இது ஓடும், நம்மகிட்ட ஆறு பட்டை, பிரச்சினை இல்ல. (பேர் சிம்ப்சன்னு இருந்தாலும் அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே, 1615ல, வானியல் அறிஞர் கெப்ளர் ஒயின் பீப்பாய்க்குள்ள எவ்வளவு பிடிக்கும்னு பார்க்க இதே யோசனையைப் பயன்படுத்தியிருக்கார்.) ரெண்டுல எது நிஜத்துக்குக் கிட்டன்னா, அது ஓரத்தைப் பொறுத்தது. வழுவழுன்னு சீரா வளைஞ்சிருந்தா சிம்ப்சன், கரடுமுரடா உள்ள வெளிய போய் வந்தா சிம்ப்சன் போட்டு ஒரு லாபமும் இல்ல, அதுக்கு ஆஃப்செட்டை 2 மீட்டருக்கு ஒண்ணா நெருக்கிப் போடறதுதான் மேல். ஆஃப்செட் சின்னதா இருக்கற வரைக்கும் கண்ணால செங்குத்துன்னு வச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. 4 மீட்டர் ஆஃப்செட்ல 5 டிகிரி சாய்ஞ்சு போனாலும் நீளத்துல ஒண்ணரை சென்டிமீட்டர்தான் கூடும், ஆனா போய்ச் சேர்ற புள்ளி 35 சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும், ஓரம் வேகமா திரும்பற இடத்துல அது உதைக்கும். வளைவு எங்கயாவது கயிறைத் தாண்டி உள்பக்கம் வந்துச்சுன்னா அந்தத் துண்டைக் கழிக்கணும், கூட்டிடாதீங்க. நம்ம உதாரணத்துக்கு மொத்தம் 234ம் 35ம் சேர்த்து 269 சதுர மீட்டர்னு எழுதலாம். 268.9ன்னு எழுதறதெல்லாம் ஒரு பாவனைதான், தப்பு இல்ல, ஆனா அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கற 9ஐ நீங்க அளக்கல.

மூலை நிறைய இருந்து சிலது உள்பக்கம் குழிஞ்சும் இருந்தா முக்கோணம் எண்ணியே மண்டை காயும். அப்போ ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பேஸ் லைன்ல இருந்து ரெண்டு எண் எடுத்துக்கோங்க, கோட்டோட எவ்வளவு தூரம், கோட்டை விட்டு எவ்வளவு தூரம். கிராஃப் தாள்ல புள்ளி வைக்கற மாதிரிதான். (0,0), (8,0), (10,5), (4,9), (0,6)ன்னு அஞ்சு மூலை வச்சுக்கோங்க. வரிசையா சுத்தி வரணும், இந்தப் புள்ளியோட முதல் எண்ணை அடுத்த புள்ளியோட ரெண்டாவது எண்ணால பெருக்கி, அதுல அடுத்ததோட முதல் எண்ணையும் இதோட ரெண்டாவது எண்ணையும் பெருக்கினதைக் கழிக்கணும். 0, 40, 70, 24, 0, கூட்டினா 134, பாதி 67. ஷூ லேஸ் கட்டற மாதிரி குறுக்கும் நெடுக்குமா பெருக்கறதால ஷூலேஸ் முறைன்னு சொல்வாங்க, மைஸ்டர்னு ஒருத்தர் 1769லயே எழுதினது. இதுவும் பிரிச்சுப் போடறதுதான், ஒவ்வொரு பக்கமும் ஆரம்பப் புள்ளியோட சேர்ந்து ஒரு முக்கோணம், உள்பக்கம் குழிஞ்சிருந்தா அந்த முக்கோணம் தானா மைனஸ்ல வந்து அதிகமா சேர்ந்ததைத் தின்னுடும், நீங்க பார்த்துக் கழிக்க வேண்டாம். நம்பிக்கை இல்லன்னா வெளிய இருந்து வெட்டிப் பாருங்க: இந்த வடிவத்தைச் சுத்தி 10க்கு 9 பெட்டி போட்டா 90, மூலையில மிச்சம் இருக்கற மூணு முக்கோணம் 5, 12, 6, மொத்தம் 23, கழிச்சா 67. சொல்லப்போனா கோணல் வடிவத்துக்குப் பல நேரம் உள்ள வெட்டறதை விடப் பெட்டி போட்டுக் கழிக்கறது சுலபம், ஏன்னா வெளிய விழறது பெரும்பாலும் செங்கோண முக்கோணம்.

கட்டம் எண்ணற முறை, அதாவது கிராஃப் தாள்ல வரைஞ்சு முழுக் கட்டத்தை ஒண்ணுன்னும் பாதிக்கு மேல இருக்கறதை ஒண்ணுன்னும் மீதியை விட்டுட்டும் எண்ணறது, அதுவும் மோசம் இல்ல, வரைபடத்துல இருக்கற ஏரி மாதிரி வடிவத்துக்கு நல்லாவே வரும். நாங்க அதுக்கு பிளானிமீட்டர் வச்சிருந்தோம், ஓரத்தோட ஒரு முள்ளை ஓட்டினா சக்கரம் சுத்திப் பரப்பைச் சொல்லிடும், அம்ஸ்லர் 1854ல கண்டுபிடிச்ச கருவி, முதல் தடவை பார்க்கறப்ப மந்திரம் மாதிரி இருக்கும். கலிலியோ சைக்ளாய்டுங்கற ஒரு வளைவோட (உருளற சக்கரத்தோட ஓரத்துல இருக்கற ஒரு புள்ளி வரையற வளைவு) பரப்பு தெரியாம அந்த வடிவத்தைத் தகடுல வெட்டி எடை போட்டே பார்த்திருக்கார், கிட்டத்தட்ட அந்தச் சக்கர வட்டத்தோட மூணு மடங்குன்னு வந்துச்சாம், நிஜ விடையும் மூணுதான்.

கணக்கு சரியா இருந்தும் விடை தப்பா வர்ற இடங்கள் சிலது. டேப் நைஞ்சு இழுத்துப்போய் 30 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கூடியிருந்தா, நீளத்துல ஒரு சதவீதத்துல மூணுல ஒரு பங்குதான், ஆனா பரப்புல அது ரெண்டு மடங்காகும், உங்க இடம் நிஜத்தை விடக் குறைச்சலா தெரியும். சரிவா இருக்கற இடத்துல தரையோட டேப்பைப் போடாதீங்க, நிலத்தோட பரப்புன்னா மேல இருந்து பார்த்தா தெரியற தட்டையான பரப்புதான், 10 டிகிரி சரிவுல 100 மீட்டர்னு வர்றது கிடைமட்டமா 98.5தான். டேப்பை மட்டமா பிடிச்சு, முனையில ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் படிப்படியா அளக்கணும். அடியில அளக்கறவங்க 15 அடி 6 அங்குலத்தை 15.6ன்னு கால்குலேட்டர்ல தட்டறதைத் தினமும் பார்க்கறேன், அது 15.5. அப்புறம் சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 3.28ஆல பெருக்கறது. 10.764ஆல பெருக்கணும், 234 சதுர மீட்டர் சுமார் 2519 சதுர அடி, 768 இல்ல.

மொபைல் ஆப் பத்தி. வானம் திறந்திருக்கற இடத்துலயே போன்ல இருக்கற ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்ன பின்ன காட்டும், மரமோ கட்டடமோ பக்கத்துல இருந்தா இன்னும் மோசம். 300 மீட்டர் பக்கம் இருக்கற காட்டுக்கு அது போதும். 7 மீட்டர் பக்கத்துல ரெண்டு மூலையும் 5 மீட்டர் தள்ளாடினா என்ன வடிவம் வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதே ஆப்ல திரும்ப நடந்து பாருங்க, வேற எண் வரும், அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம்.

ஆக உங்க மூணு விடையில சராசரி முறையை நிச்சயமா தள்ளிடலாம், ஆப்பையும் இந்த அளவு இடத்துக்குத் தள்ளிடலாம். முக்கோணம் போடச் சொன்னவர் வழி சரி, ஆனா அவர் குறுக்குக்கோட்டை நிஜமா அளந்தாரா, இல்ல மூலை செங்கோணம்னு தானா நினைச்சுக்கிட்டாரான்னு கேள்வியில இல்ல, அளக்கலன்னா அவர் எண்ணும் ஊகம்தான். வளைவு எவ்வளவு புடைச்சிருக்குன்னும் இங்க இருந்து சொல்ல முடியாது. அப்புறம் எல்லை எதுன்னு கணக்கு சொல்லாது, நீங்க கயிறு கட்டின மூலைக்குள்ள இருக்கற பரப்பை மட்டும்தான் சொல்லும். பத்திரத்துல இருக்கற எண்ணோட ஒத்துவரலன்னா அது சர்வேயர் ஆவணத்தோட வந்து பார்க்க வேண்டிய விஷயம், என்னை மாதிரி ஆள் இங்க உக்காந்து தீர்த்து வைக்கறது இல்ல. இன்னொரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய் மூணு நேர்ப் பக்கம், வளைவுக்கு நடுவுல கட்டின கயிறோட நீளம், ரெண்டு குறுக்கு, ஆஃப்செட்டும் அதோட இடைவெளியும் அளந்து கீழ போடுங்க. அளக்கறப்ப டேப்போட பூஜ்யம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, சில டேப்ல வளையத்தோட நுனியில இருந்து, சிலதுல கொஞ்சம் தள்ளி இருக்கற கோட்டுல இருந்து.